தீ தொடாத கைகள்

தீ தன்னைத் தொடுவதை நிறுத்திவிட்டது என்று வெயிலுகந்தாளுக்கு முதன்முதலில் தெரிந்தது சோறு வடிக்கும்போதுதான். பிடிதுணி வழுக்கிப் பானை சரிந்து, கொதிக்கிற கஞ்சி மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அவள்மேல் கொட்டியது. வழக்கம்போலக் கையை உதறினாள், வழக்கம்போல அம்மா என்றாள், பிறகு வலி வருவதற்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. கஞ்சி வழிந்து தரைக்குப் போனது, தரையில் ஊர்ந்த எறும்புகள் செத்தன, கை மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அடுப்பில் எரிந்துகொண்டிருந்த வேலிக்கருவை விறகை எரிகிற முனையில் பிடித்து இழுத்துத் தண்ணீரில் அணைத்துவிட்டு, மிஞ்சிய சோற்றை மகள் சோலைராணிக்குப் போட்டு, நேரமாகிவிட்டதே என்று கம்பெனிக்கு நடந்தாள்.

கம்பெனி ஊருக்குத் தெற்கே, வெகுகாலம் மூடிக் கிடந்த பஞ்சு மில்லில் இருந்தது. அங்கே ஊர்ப் பெண்கள் கல்நார்த் துணியை வெட்டிக் கையுறையும் ஏப்ரனும் தலைமூடியும் தைத்தார்கள். இரும்புக் குழம்பு ஊற்றுகிறவர்களுக்கும், கண்ணாடிச் சூளையில் நிற்கிறவர்களுக்கும், எரிகிற கட்டடத்துக்குள் போகிறவர்களுக்கும் அவை லாரியில் போயின. பெண்கள் அதைக் கல்லுத்துணி என்றார்கள். வேலை தொடங்கிய அன்று மேனேஜர் சாமிதாஸ் ஒரு துண்டைத் தொங்கவிட்டு அடியில் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார். குச்சி எரிந்து கருகி விழுந்தது. துணியில் ஒரு கறைகூட இல்லை. அதைப் பார்த்த பெண்களில் பாதிப்பேர், சாமியைப் பார்த்தவர்களைப்போலக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கும்பிட்டதில் அதிசயமில்லை. நெருஞ்சிப்பட்டியைச் சுற்றி நாலா பக்கமும் பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலைகள். பட்டாசுக்கு மருந்து இடித்தும் திரி சுருட்டியும் பிழைத்த அந்த ஊரில், வெடிக்கு ஆள் கொடுக்காத வீடு என்று ஒன்று கிடையாது. வெயிலுகந்தாளின் புருஷன் கருப்பையா ஒரு வைகாசி மாதத்தில் மருந்துக் கலவை அறைக்குள் போனான். அந்த அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பதால் வாசலில் கழற்றிவிட்டுப் போனான், செருப்பு மட்டும்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதன்பிறகு அவள் தீப்பெட்டியைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உரசினாள். எரியாத துணி தைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாக ஓடியவள் அவள்தான்.

துணியிலிருந்து பஞ்சுபோல நார் பறந்தது. கூரைச் சன்னல் வழியாக வெயில் இறங்கும்போது அது மினுமினுவென்று மிதக்கும். சாயங்காலத்துக்குள் அத்தனை பேர் தலையும் நரைத்துவிடும். ஒருத்தியை ஒருத்தி கிழவி என்று கேலி செய்துகொண்டு, முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மேனேஜர் மட்டும் தையல் கொட்டகைக்குள் வருவதே இல்லை. கண்ணாடி அறைக்குள் நின்று, நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, சன்னலில் விரலால் தட்டித்தான் கூப்பிடுவார். படித்தவருக்கு வியர்வை நாற்றம் ஆகாதுபோல என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வெயிலுகந்தாள் தன் கையைப் பற்றிச் சொன்னபோது பக்கத்து மிஷின் சண்முகத்தாய் தையலை நிறுத்தாமலே, "எனக்குப் போன வாரத்துலருந்தே அப்படித்தான்" என்றாள். அதற்கு அடுத்த மிஷின்காரி, தோசைக்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததாகச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்குள் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் அது வந்துவிட்டிருந்தது தெரிந்தது. அம்மை வந்தால் ஊருக்கே வருகிறதில்லையா, அதுபோல இதுவும் என்று பேசிக்கொண்டு ஊறுகாயைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

ஊர் அதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டது. டீக்கடை செல்லக்கனி, பாய்லர் அடைத்துக்கொண்டால் கம்பெனி விட்டு வரும் எவளையாவது கூப்பிட்டு, "தாயி, உள்ள கைய விட்டு அந்தக் கரியக் கொஞ்சம் தள்ளிவிட்டுட்டுப் போ" என்பார். கல்யாண வீடுகளில் கொதிக்கிற எண்ணெயிலிருந்து அதிரசத்தை விரலால் திருப்பிப் போட அவர்களைத் தேடி வந்தார்கள். குழந்தைக்குச் சுடுதண்ணீர் பதம் பார்க்கமட்டும் அவர்களைக் கூப்பிடவில்லை, ஒரு தடவை கூப்பிட்டு ஒரு குழந்தைக்கு முதுகு வெந்துபோனதிலிருந்து. பெண் பார்க்க வருகிறவர்கள், பொண்ணு கல்லுத்துணி கம்பெனியா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றால் சில வீட்டார் சந்தோஷப்பட்டார்கள், சில வீட்டார் தாம்பூலத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

எழுந்து போனவர்களுக்கும் காரணம் இருந்தது. சண்முகத்தாயின் புருஷன் ரத்தினவேல் குடிகாரன், சந்தேகக்காரன். ஒருநாள் சாயங்காலம் தெருவே பார்க்க அவள்மேல் மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சியை எறிந்தான். பக்கத்து வீட்டில் திரிகை சுற்றிக்கொண்டிருந்த வெயிலுகந்தாள் ஓடிவந்தபோது, சண்முகத்தாய் முற்றத்தில் ஆள் உயரத் தீக்குள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். மழைக்கு ஒதுங்கினவள், மழை விடட்டும் என்று நிற்பதுபோல நின்றாள். எண்ணெய் தீர்ந்து தீ அவிந்தது. சேலை சாம்பலாகியிருந்தது. வெயிலுகந்தாள் தன் முந்தானையைப் பிரித்து அவளைச் சுற்றி மூடினாள். சண்முகத்தாய் புருஷனைப் பார்த்து, "நல்ல சேலை. எங்க அண்ணன் எடுத்துக் குடுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு, குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தாள். ரத்தினவேல் அன்றே பஸ் ஏறியவன்தான், அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த வருஷம் நெருஞ்சிப்பட்டியில் ஸ்டவ் வெடித்து ஒரு பெண்ணும் சாகவில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு அவசர அவசரமாக வேலை ஓடிய நேரத்தில், கிழக்கே இருந்த பயராபீஸ் வெடித்தது. வெயிலுகந்தாளின் தங்கை சுந்தரபேச்சி அங்கேதான் திரி வெட்டினாள். சத்தம் கேட்டதும் கல்நார்ப் பெண்கள் மிஷினை விட்டு எழுந்து, தைத்துக்கொண்டிருந்த உடுப்பைக்கூட மாட்டாமல், பருத்தி வயலுக்கு நடுவே ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் எரிகிற கொட்டகைகளுக்குள் புகுந்து புகுந்து ஆட்களைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். சரவெடி அவர்கள் கால்களைச் சுற்றி வெடித்தது. வெயிலுகந்தாள் தங்கையைக் கண்டபோது அவள் சுவரோரமாகச் சுருண்டு, ஒரு தார்ப்பாய்க்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தாள். "யக்கா, நீ உசுரோடதான வந்திருக்க?" என்று கேட்டாள் சுந்தரபேச்சி. தீக்கு நடுவே நிற்கிற அக்காளை அவள் செத்துப்போன ஆவி என்று நினைத்திருந்தாள்.

அன்று அவர்கள் வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு கம்பெனியில் வேலை கேட்டு வெளியூரிலிருந்தும் பெண்கள் வந்தார்கள்.

பங்குனிப் பொங்கலில்தான் முதல் சிக்கல் வந்தது. பூக்குழி இறங்க அந்தப் பெண்களும் மஞ்சள் சேலை கட்டி, காப்புக் கட்டி வரிசையில் வந்து நின்றார்கள். சுடாத காலுக்கு என்ன நேர்த்திக்கடன், அது அம்மனை ஏமாற்றுகிற வேலை என்று ஒரு கட்சி சொன்னது. அம்மன் கொடுத்த வரத்தை அம்மனே வேண்டாமென்பாளா என்று இன்னொரு கட்சி சொன்னது. கடைசியில் பூசாரி இரண்டுக்கும் பொதுவாக, அவர்கள் முதலில் இறங்கிக் கங்குகளைக் காலால் சமப்படுத்திக் கொடுக்கட்டும், மற்றவர்கள் பின்னால் இறங்கட்டும் என்றார். அப்படியே செய்தார்கள். தகதகவென்ற கங்குக்குள் கணுக்கால் புதைய நடந்து, தரையை நிரவுகிறதுபோல நிரவினார்கள். ஆனால் நிரவி முடித்தபின்பும் வெயிலுகந்தாள் கரையேறவில்லை. குழியின் நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தாயே, ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு சூடு காட்டு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கங்கு கறுத்தது. பின்னால் வந்தவர்கள் பாதிக் குழியைச் சூடில்லாத கரிமேல் நடந்து கடந்தார்கள்.

ஏனென்றால் அதற்குள் குளிர் வந்துவிட்டிருந்தது. சுடாத உடம்புக்குள் சூடும் இறங்காது என்பதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. காபி பச்சைத்தண்ணீர் போலிருந்தது. கோடை உச்சியில், நாய்கள் சாக்கடையில் படுத்துக் கிடக்கிற மதியத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தெருவில் உட்கார்ந்து நடுங்கினார்கள். புருஷன்மார் படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பின. சோலைராணி சின்னதிலிருந்து அம்மாமேல் காலைப் போட்டுத்தான் தூங்குவாள். அவளும், "குளுருதும்மா" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் ஒதுங்கிப் படுத்தாள்.

குளிருக்குப் பின்னால் இருமல் வந்தது. சளி இல்லாத, வறட்டு இருமல்; ஏதோ சேலை கிழிவதுபோலச் சத்தம் வரும். மாடிப்படி ஏறமுடியவில்லை, குடம் தூக்கமுடியவில்லை, பிறகு பாட்டுப் பாடமுடியவில்லை, பிறகு ஒரு முழு வாக்கியம் பேசமுடியவில்லை. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. கல்நார்ப் பெண்களிடம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படியாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். பஸ்காரர்கள் அவர்கள் ஏறி முடிக்கும்வரை விசில் அடிக்காமல் காத்திருந்தார்கள்.

முதலில் போனவள் சண்முகத்தாய். வேலிக்கருவையும் எருவும் அடுக்கி, அவள் அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்கக் காடாற்றுக்குப் போனவர்கள், கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விறகு அத்தனையும் சாம்பல். மாலை சாம்பல். கோடிச்சேலை சாம்பல். சாம்பலுக்கு நடுவே சண்முகத்தாய், நெற்றிப் பொட்டுகூட அழியாமல், கண்ணயர்ந்தவளைப்போலப் படுத்திருந்தாள். மயானம் பார்க்கிற மூக்கையா இன்னொரு அடுக்கு விறகும் சீனியும் டயரும் போட்டுப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது போகமாட்டேங்குதய்யா. இதுக்குப் போக வழி தெரியல" என்றார். குழி வெட்டி வைத்தார்கள். அதன்பிறகு அந்தப் பெண்களுக்கு விறகு சொல்லிவிடுவதில்லை. மயானத்தின் வடக்கு மூலையைப் பேச்சுவார்த்தை எதுவுமில்லாமல் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்த மூலையில் நல்ல வெயிலிலும் தரை ஈரமாகச் சில்லென்றிருக்கும். ஆடுகள் மதியத்தில் அங்கே போய்ப் படுத்தன.

வெயிலுகந்தாள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். தங்கை உயிரோடிருக்கிறாள், மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தனக்கு வருவது வரட்டும் என்றிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தவளிடம் சோலைராணி வந்து ஒட்டிப் படுத்து, பழையபடி அவள்மேல் காலைத் தூக்கிப் போட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. வெயிலுகந்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"குளுரலையா தாயி?"

"இல்லம்மா. இப்பல்லாம் நீங்க குளுரல."

வெயிலுகந்தாளின் கை அப்படியே நின்றது. மெல்ல மகளின் பாதத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். தன்னைப் போலவே இருந்தது. எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள். கம்பெனியிலிருந்து பிடிதுணிக்காகக் கொண்டுவந்த கல்லுத்துணித் துண்டுகள் ஆணியில் தொங்கின. தினமும் சாயங்காலம் அவள் சேலையை முற்றத்தில் உதறிக் கொடுப்பதும், அதைத் துவைப்பதும், அம்மா தலையிலிருந்து நாரை ஒவ்வொன்றாக ஊதி விளையாடுவதும் சோலைராணிதான். மகளைக் கூப்பிட்டு, அடுப்பிலிருந்து ஒரு கங்கை எடுத்து வரச்சொன்னாள். பெண் ஓடிப்போய், இடுக்கி தேடாமல், பழம் எடுத்து வருகிறவளைப்போல உள்ளங்கையில் வைத்து எடுத்து வந்தாள். அம்மா பாராட்டுவாள் என்று சிரித்தாள்.

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா இருவரையும் படம் எடுத்து, வெயிலுகந்தாளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இது பஞ்சு இல்லம்மா, கல்லு. ஊசி ஊசியா உள்ள போயி குத்திக்கிட்டு நிக்குது. உள்ள போனது வெளிய வராது."

"பிள்ளைக்கு?"

"படத்துல இப்ப ஒண்ணும் தெரியல. தெரியாதும்மா. அது இருபது வருஷமோ முப்பது வருஷமோ காத்துக்கிட்டிருக்கும். முதல்ல அந்தத் துணிய விட்டு இவள வேற எங்கயாவது கொண்டுபோங்க. இனிமே உள்ள போகாம இருந்தாலே பெரிய விஷயம்."

திரும்பி வந்தவள் கொட்டகையில் மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் தலைகுனிந்து கேட்டார்கள். வயசில் மூத்த அன்னக்கிளி கடைசியில் சொன்னாள்: "நீ சொல்றது பொய்யில்ல. ஆனா பயராபீஸ்ல ஒரே நாள்ல சாவு. இங்க வருஷக்கணக்குல சாவு. நமக்கு யாரு மூணாவதா ஒண்ணு வச்சிருக்கா, சொல்லு." ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது, பிறகு இன்னொன்று. தன் மிஷினின் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு வெயிலுகந்தாள் கண்ணாடி அறைக்குப் போனாள்.

சாமிதாஸ் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இந்தத் துணியால பவுண்டரிகள்ல எத்தனை கை பிழைச்சிருக்கு தெரியுமாம்மா? உன் தங்கச்சியே எப்படிப் பிழைச்சா?" என்றார்.

"அதுவும் நெசம்தான் சார்" என்றாள். "உங்க கர்ச்சீப்பு என்னத்துக்கு?"

அவர் மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். அவள் அங்கேயே நின்றாள். அவளுடைய சேலையிலிருந்து நார் மெல்ல மெல்ல எழும்பி அந்தச் சின்ன அறைக்குள் மிதந்தது. இரண்டு மூச்சுக்குமேல் அவரால் முடியவில்லை. மறுபடியும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் அதை எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் நின்றன. மற்றவை ஓடின.

வீட்டுக்கு வந்தவள் பிடிதுணிகளையும் சேலைகளையும் தண்ணீரில் முக்கி, ஈரத்தோடு மூட்டை கட்டிக் கரிசலில் ஆழமாகப் புதைத்தாள். தலைக்குக் குளித்து, செல்லக்கனி பெண்டாட்டியிடம் சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டபின்தான் மகளைத் தொட்டாள். சுந்தரபேச்சியை அப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. "யக்கா, நீயும் வந்து எங்ககூட இரு" என்று அவள் கூப்பிட்டாள். வெயிலுகந்தாள் மகளை மட்டும் அவளோடு அனுப்பினாள், தான் போகச் சம்மதிக்கவில்லை. தன் மயிர்க்காலில், நகக்கண்ணில் எங்கே எந்த நார் ஒட்டியிருக்குமோ என்று பயந்தாள். பஸ் புறப்படும்போது சோலைராணி சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். அவள் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, "காத்துப் படுற எடமாப் பாத்துத் தூங்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப்பின் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. கம்பெனி எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒருநாள் பூட்டிக்கொண்டது. மிச்சமிருந்த துணியை ஊர்க்காரர்கள் கோழிக்கூண்டுக்குக் கூரை போடவும் தொட்டில் கட்டவும் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயிலுகந்தாள் வீடு வீடாகப் போய், மூச்சு இருந்தவரைக்கும் சொல்லிப் பார்த்தாள். சில வீட்டில் கொடுத்தார்கள். வடக்கு மூலையில் அன்னக்கிளியோடு சேர்த்துக் குழிகள் கூடின. வெயிலுகந்தாள் இப்போது உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

ஆவணியில் ஒருநாள் செல்லக்கனி கடைக்குப் போன் வந்தது. பேசியது சுந்தரபேச்சி. குரல் பதறியது. "யக்கா, திட்டாத. புள்ள கையில சுட்டுக்கிட்டா. தோசைக்கல்லு. நான் பக்கத்துலதான் இருந்தேன், அதுக்குள்ள..."

வெயிலுகந்தாள் போனை இறுகப் பிடித்தாள். "அழுதாளா?"

"அழுதாளாவா? ஊரையே கூட்டிட்டா."

"கொப்புளம் வந்திருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"பெருசா வந்திருக்குக்கா. என்னக்கா நீ, சிரிக்கிறியா அழுவுறியா?"

அவள் அடுத்த பஸ்ஸில் ஏறினாள். நெடுக இருமிக்கொண்டே, இரண்டு இடத்தில் இறங்கி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, உப்பு மின்னுகிற பாத்திகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். சோலைராணி வாசலில் கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் உயர்ந்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். வெயிலுகந்தாள் எதிரே உட்கார்ந்து, அந்தக் கையைத் தொடாமல், நீர் கோத்து நின்ற கொப்புளத்தை வெகுநேரம் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னதை அவள் மறக்கவில்லை. கொப்புளம் வந்ததால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அது எங்கேயாவது காத்துக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தீ இந்தப் பிள்ளையை மறுபடி அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது.

"ரொம்பக் காந்துதா தாயி?"

"காந்துதும்மா" என்றாள் சோலைராணி. பிறகு, இத்தனை நாளும் தள்ளித் தள்ளி நின்ற அம்மாவின் கையை அவளே பிடித்து இழுத்துக் கொப்புளத்தின்மேல் வைத்துக்கொண்டாள். வெயிலுகந்தாள் கையை இழுக்கப் பார்த்தாள். பெண் விடவில்லை. முகச்சுளிப்பு மெல்ல அவிழ்ந்தது.

"எடுக்காதீங்க. சில்லுன்னு நல்லாருக்கு. கொஞ்ச நேரம் இப்படியே இருங்க."

வெயிலுகந்தாள் கையை எடுக்கவில்லை. அடியில் மகளின் கை கொதித்தது. அந்தச் சூடு தனக்குள் இறங்காது என்று தெரிந்தும், இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன மூச்சாக இழுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.